கேபினுக்கு அடியில்

அப்பாவின் டட்சனில் இடப்பக்கக் கதவைச் சாத்துவதற்கு ஒரு முறை உண்டு. கைப்பிடியைப் பிடித்து ஒரு விரல் அளவுக்கு மேலே தூக்கி, பிறகுதான் தள்ள வேண்டும். தூக்காமல் சாத்தினால் கதவு பூட்டில் இடித்துத் திரும்பி வரும். அம்மாவுக்கு அது கைப்பழக்கம். மார்க்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவோடு பேசிக்கொண்டே, பார்க்காமல் சாத்துவார். எனக்கு வராது. ஆறாம் படிவத்தில் படிக்கும்போது சிரம்பானில் பள்ளி வாசலில் இறங்கி இரண்டு மூன்று தடவை ஓங்கி ஓங்கிச் சாத்தியிருக்கிறேன். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதன் பிறகு, "பஸ் ஸ்டாண்டுலேயே எறக்கிவிடுங்கப்பா, நடந்து போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை.

வண்டி டட்சன் 620. இந்த ரகம் 1972-இலிருந்து 1979 வரை வந்தது. பக்கவாட்டில் முன்விளக்கிலிருந்து பின்தொட்டி வரை ஒரு கோடு மடிந்து ஓடும். அந்தக் கோட்டுக்காகவே இன்று இதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா இதை அழகுக்காக வாங்கவில்லை. ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் டிரைவர். இது தோட்டத்து வண்டி. பால் தோம்பு, அமிலக் குப்பி, உரமூட்டை, தீம்பாருக்குப் போகும் ஆட்கள், நள்ளிரவில் பிரசவ வலி வந்த பெண்கள், எல்லாம் இதில்தான் போனார்கள். 2000-க்குப் பிறகு தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, ஸ்டோரில் கிடந்த சாமான்களோடு இதையும் இரும்பு விலைக்குப் போட்டார்கள். அப்பா தன் நட்டஈட்டுப் பணத்தில் 800 வெள்ளி கொடுத்து எடுத்துக்கொண்டார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை என்று சொல்வார்கள்.

தோட்டத்தைப் பற்றி நாம் எழுதியவற்றில் உளி வரும், மங்கு வரும், கங்காணி வருவார், தண்ணீர்ப்போத்தலும் வரும். வண்டி அதிகம் வருவதில்லை. டிரைவர் என்பவர் கூலிக்கும் கிராணிக்கும் நடுவில் நிற்கிற ஆள். துரையின் பேச்சைக் காதில் கேட்பார், லயத்தில் தூங்குவார். இரண்டு பக்கமும் அவரை முழுதாக நம்பாது. யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. வண்டி ஜம்பு மரத்தடியில் நின்றது. போன வருடம் கோலாலம்பூரில் பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவர் படம் பார்த்துவிட்டுக் கேட்டார். நல்ல விலை. எனக்கு வீட்டு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது, அந்த விலை அதற்குப் போதும். ஆனால் அவர் ஒன்று சொன்னார்: "சேஸியும் கேபினும் சரியா இருக்கணும். பெயிண்ட் நான் பாத்துக்கிறேன்." அப்பாவிடம் சொன்னேன். "ஓடற மாதிரி ஆக்கிட்டு வித்துக்கோ" என்றார், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் முதலில் கதவைத்தான் சரிசெய்யப் போனேன். கீலை இரண்டு தடவை மாற்றி அடித்தேன். இரண்டு வாரம் சரியாக இருக்கும், பிறகு மறுபடியும் தொங்கும். மூன்றாவது தடவை பட்டறைத் தவுக்கே வந்து பார்த்தார். கதவைத் தொடவே இல்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று, கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் விரலை விட்டார். வலப்பக்கம் மேலே மூன்று விரல் போனது. இடப்பக்கம் ஒரு விரல். கதவு கோணவில்லை. கதவு மாட்டியிருக்கும் கேபினே இடப்பக்கம் பின்னால் அமுங்கி உட்கார்ந்திருந்தது.

இந்த மாதிரி வண்டிகளில் கேபின் சேஸியோடு ஒட்டப்பட்டதல்ல. அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். எஞ்சினும் சக்கரங்களும் அதில். கேபின் தனி, பின்தொட்டி தனி. கேபின் அந்தச் சட்டத்தின்மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு ரப்பர்: சட்டத்துக்கு மேலே ஒன்று பாரத்தைத் தாங்க, கீழே ஒன்று குதிக்காமல் பிடிக்க. நடுவில் ஒரு நீள போல்ட். போல்ட்டைச் சுற்றி ஒரு இரும்புக் குழல் இருக்கும், அதுதான் முக்கியம். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் இரும்பு இரும்பில் முட்டி நிற்கும். ரப்பர் அளவுக்கு மேல் நசுங்காது. இதைப் பட்டறைகளில் பாடி மவுண்டிங் என்பார்கள், அப்பா பாடி ரப்பர் என்பார். யாரும் எட்டிப் பார்க்காத இடம். அது கெட்டால் கதவு தொங்கும், கண்ணாடி கிறீச்சிடும், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தண்டு இறுகும். நாம் கதவையும் கண்ணாடியையும் திட்டிக்கொண்டிருப்போம்.

(ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனைக்கு ஒரு தடவை போய்வாருங்கள். 1908-இல் கட்டி முடித்தது. 99 தூண்கள், இரும்பு ஆணியே இல்லை, மரத்தை மரத்தில் செருகியே மேலே மேலே எழுப்பியிருக்கிறார்கள். அங்கே போனால் எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள். இந்த வேலைக்குப் பிறகு நான் தூண்களின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.)

வேலையை வீட்டிலேயே செய்வது என்று முடிவானது. தவுக்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு வாரம் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். மிச்சத்தை அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொன்னார். பேட்டரி வயரைக் கழற்று. எர்த் வயரைக் கழற்று. ஸ்டியரிங் இணைப்பைத் தளர்த்து. கிளட்ச், பிரேக் குழாய்கள் இழுபடுதா பாரு. "ரேடியேட்டரு பாடியோட வரும், ஃபேனு எஞ்சினோட நிக்கும். ஒரு இஞ்சுக்கு மேல தூக்காத. ஃபேனு போயி ரேடியேட்டரக் கிழிச்சிரும்." எல்லாப் பக்கமும் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் தூக்க வேண்டும், மறுபக்கம் கழன்றுவிடாமல் போல்ட் துளையிலேயே நிற்க வேண்டும். ஜாக்கியை நேராகத் தரைத் தகட்டில் வைத்தால் தகடு பொத்தலாகும். நடுவில் தடித்த பலகை வைக்க வேண்டும். அப்பா எங்கிருந்தோ ஒரு ரப்பர் மரப் பலகையைக் கொண்டுவந்து போட்டார்.

வலப்பக்கம் சிரமம் இல்லாமல் வந்தது. ரப்பர் கருங்கல் மாதிரி இறுகி, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. காற்றில் இருக்கும் ஓசோன் இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் முதலில் கடிக்கும். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பும். வெயில், எஞ்சின் சூடு, நாற்பது வருடப் பாரம். இவ்வளவுக்கும் அது தாங்கியிருந்ததே அதிகம்.

இடப்பக்கப் பின் போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, கழலவில்லை. உள்ளே தரைத் தகட்டுக்குள் அடைத்து வைத்திருக்கும் நட்டு, துருவில் தன் கூட்டை உடைத்துக்கொண்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறது. சீட்டுக்குப் பின்னால் தகட்டை வெட்டித்தான் அதைப் பிடிக்க வேண்டும். கிரைண்டர் பொறி பறக்கும் என்பதால் முதலில் பெட்ரோல் டாங்கியை இறக்கி முற்றத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்தோம். அந்த மூலையில் மட்டும் ஏன் இவ்வளவு துரு என்று தவுக்கே கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. ஃபார்மிக் அமிலக் குப்பியை சீட்டுக்குப் பின்னால் வைத்துத்தான் ஆலைக்குக் கொண்டுபோவாராம். பாலை உறைய வைக்கிற அமிலம். மூடி சரியாக இல்லாத நாட்களில் சொட்டும். பாலை உறையவைத்தது இரும்பைத் தின்றிருக்கிறது.

ஒரு வழியாக போல்ட்டை வெட்டி, கேபினைத் தூக்கி, தவுக்கே கையை விட்டு உள்ளே இருந்ததை வெளியே இழுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆப்பா இனி?" என்றார்.

அது கம்பெனி ரப்பர் இல்லை. கறுப்பாகவும் இல்லை. அடர்ந்த தேன் நிறத்தில், பணியாரத்தை மிதித்த மாதிரி தட்டையாக, ஓரம் பிதுங்கி, கையில் ஒட்டியது. நடுவில் குழலுக்குப் பதிலாக அறுத்தெடுத்த தண்ணீர்க் குழாய்த் துண்டு. மேல் பக்கத்தில் மெலிதாகச் சாய்ந்த வரிகள். அந்த வரிகளை எனக்குத் தெரியும். தோட்டத்தில் வளர்ந்த எவனுக்கும் தெரியும். ஷீட்டு உருளையில் விழுகிற வரி. ஸ்மோக்ஹவுஸில் தொங்கும் ஷீட்டில் ஈரம் சீக்கிரம் காய்வதற்கும், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்கும் போடுவது.

நான் நீலாயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். கையுறையை இழுத்து, அறுத்து, சூட்டில் வைத்து எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பது என் வேலை. இழுக்கும் கையுறையில் பாதிக்கு மேல் நைட்ரைல், பெட்ரோலியத்திலிருந்து வருவது. பாலில் செய்ததாக இருந்தால் அந்தப் பாலும் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து டாங்கரில் வரும். அதனால் என் கையில் இருந்தது என்ன தவறு என்று உடனே புரிந்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்காத ரப்பர் அது. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்தது இதைத்தான்: கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. முடிச்சுப் போட்டால் அமுக்கிவிட்டு எடுத்ததும் பழைய உருவத்துக்கு வரும். முடிச்சில்லாத ரப்பர் பாரத்தின் கீழ் மெதுவாக ஓடும். மாதத்துக்கு ஒரு மயிரிழை. முப்பது வருடத்தில் அரை அங்குலம்.

"இத யாருப்பா வச்சது?" என்றேன்.

அப்பா வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் வரியைத் தடவினார்.

"ஒங்கம்மா."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்ப நீ பொறக்கல. அந்தப் பக்கத்து ரப்பரு பிஞ்சி போச்சி. கேபினு டக்கு டக்குன்னு சேஸில அடிக்கும். ஆபீஸ்ல சொன்னேன். அடுத்த மாசம்னாங்க. அதுக்கு அடுத்த மாசமும் அடுத்த மாசம்னாங்க. பின்னால பதினஞ்சி பேரு நிப்பாங்க, வெடியக்காலம் இருட்டு, மழ. ஒரு நாளு கேபினு கழண்டு போயிருமோன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். சும்மாதான் சொன்னேன். ரெண்டு நாளு கழிச்சி கைலிக்குள்ள ஒரு ஷீட்டு சுத்திக் கொண்டாந்துருச்சி."

ஷீட்டு தோட்டத்தின் சொத்து. ஒட்டுப்பால் ஒரு கைப்பிடி மறைத்து எடுத்தவர்களையே வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். அம்மா பால் வெட்டுகிறவர். ஸ்மோக்ஹவுஸ் பக்கம் அவருக்கு வேலையே இல்லை. அங்கே வேலை செய்த ஒரு அக்காவிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும், அல்லது கேட்காமல் எடுத்திருக்க வேண்டும். அப்பாவுக்கும் தெரியாது. அவர் கேட்கவில்லையாம்.

"ராத்திரி வெளக்க எறக்கி வச்சிக்கிட்டு வட்ட வட்டமா வெட்டுச்சி. ரப்பர வெட்டணும்னா கத்திய தண்ணில நனைச்சி நனைச்சி வெட்டணும், இல்லன்னா புடிச்சிக்கும். எட்டோ ஒம்பதோ வட்டம். நடுவுல ஓட்ட போட்டுக் குடுத்துச்சி. நான் பைப்ப அறுத்து உள்ள வுட்டு மாட்டிட்டேன். கொஞ்ச நாளைக்குன்னு போட்டது."

என் அம்மாவை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் ஐம்பது காசு அதிகமாகக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற ஆள். நான் பள்ளியிலிருந்து யாருடைய பென்சிலையோ கொண்டுவந்ததற்கு என்னை அடித்திருக்கிறார். அந்த அடி எனக்கு நினைவிருக்கிறது. அந்த அடி விழும்போது இந்த வட்டங்கள் வண்டிக்கு அடியில் இருந்திருக்கின்றன.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டிகளின் அடியிலும், எஞ்சினின் அடியிலும் இன்றைக்கும் இயற்கை ரப்பரைப் போடுவதற்குக் காரணம் மலிவு மட்டுமல்ல. இழுக்கும்போது அதன் இழைகள் வரிசையாகப் படிந்து படிகமாகிவிடும். விரிசல் ஒன்று விழுந்தாலும் அதன் நுனியில் ரப்பர் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். செயற்கை ரப்பர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் குணம் இந்த அளவுக்கு இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களின் பணத்தில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுக்கூடம் ஒன்று இந்தக் குணத்தை வைத்தே கட்டடங்களை ரப்பரில் உட்கார வைத்தது. லண்டனில் 1966-இல் ஒரு அடுக்குமாடியை, அடியில் ஓடும் சுரங்க ரயிலின் அதிர்வு ஏறாமல் இருக்க, ரப்பர் கட்டைகளில் கட்டினார்கள். 1985-இல் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குகமோங்காவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தையே நிலநடுக்கம் தாங்க ரப்பர்மேல் நிறுத்தினார்கள். நம் பினாங்கு இரண்டாவது பாலமும் 2014-இல் அப்படித்தான் திறக்கப்பட்டது. ஒரு நீதிமன்றத்தைத் தூக்கி நிறுத்துகிற அளவுக்கு ரப்பர் போய்க்கொண்டிருந்த காலத்தில், அதை வெட்டுகிறவர்களை ஏற்றிப் போகும் வண்டிக்கு ஒரு கைப்பிடி ரப்பர் "அடுத்த மாசம்" என்றிருந்தது. அந்தக் கிராணிமேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். கோபம் இருக்கிறது.

தவுக்கே தன் கைப்பேசியில் சிவப்பு நிறத்தில் ஒரு செட்டைக் காட்டினார். பாலியூரிதேன். எண்ணெய்க்கு ஊறாது, வெடிக்காது, பல வருடம் உழைக்கும். ஆனால் இறுக்கமானது, எஞ்சினின் நடுக்கத்தை அப்படியே உள்ளே அனுப்பும். எனக்கு அது சரியென்று பட்டது. வாங்குகிறவர் கோலாலம்பூர்க்காரர், சிவப்பைப் பார்த்தால் சந்தோஷப்படுவார். அப்பா, "பிளாஸ்டிக்கா?" என்று மட்டும் கேட்டார். ரப்பரிலேயே ஒரு செட் வாங்கினேன். நான்கு வாரம் கழித்து வந்தது. பெட்டியில் தாய்லாந்து என்று போட்டிருந்தது.

அதற்குள் சேஸியின் அந்த மூலையைச் சுரண்டி, தின்றுபோன இடத்தை வெட்டியெடுத்து, புதுத் தகடு பற்றவைத்து, துருத் தடுப்பு அடித்து முடித்திருந்தோம். தரையில் வெட்டிய இடத்தில் புது நட்டு. ரப்பரை உள்ளே தள்ளும்போது நான் பழக்கத்தில் கிரீஸ் டப்பாவை எடுத்தேன். "சவுக்காரத் தண்ணி" என்றார் அப்பா. கிரீஸ் ரப்பரைத் தின்னும் என்பது எனக்கு வேலையிலேயே தெரிந்த விஷயம், கை மறந்துவிட்டது. எல்லா போல்ட்டையும் கையால் பிடித்து ஏற்றிவிட்டு, கேபினை இறக்கி, அது தானாக உட்கார்ந்த பிறகுதான் கடைசியாக முறுக்கினோம். குழல் இரும்பில் முட்டுகிற இடம் கையில் தெரிந்தது. பின்னால் போய் விரலை விட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் இரண்டு விரல். இடப்பக்கமும் இரண்டு.

பழைய கட்டியை என்ன செய்வது என்று அப்பாவிடம் கேட்டேன். "அது சும்மா ஷீட்டு. தூக்கிப் போடு" என்றார். போடவில்லை. ஒரு நாள் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், வேலை நேரம் முடிந்த பிறகு, கத்தியைத் தண்ணீரில் நனைத்து நடுவில் வெட்டினேன். எட்டு ஒன்பது வட்டம் என்று அப்பா சொன்னார், எண்ண முடியவில்லை. ஒன்றோடொன்று கலந்து ஒரே கட்டியாக ஆகிவிட்டது. ஓரம் கறுத்திருந்தது. நடுப்பகுதி இன்னும் வெளுத்த மஞ்சளாக இருந்தது, காற்றுப் படாத இடம். மூக்கருகே கொண்டுபோனேன். புகை வாசனை இருந்தது. சோதனைக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் வேலை செய்யும் நேப்பாளப் பையனிடம் நீட்டினேன், அவன் முகர்ந்துவிட்டு ஒன்றும் இல்லை என்று தலையாட்டினான். அவனுக்கு சளி பிடித்திருந்தது.

போன ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு ரந்தாவ் பக்கம் போய்வரலாம் என்றேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான், அதனால் நான் ஓட்டினேன். தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள், ஒரு ரவுண்டபவுட், ஒரு பெட்ரோல் நிலையம். ஸ்மோக்ஹவுஸ் எங்கே இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு இடத்தைக் காட்டினார். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி நான் பணம் கட்டிவிட்டு வரும்போது, அவர் இறங்கிக் கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து ஏறினார். ஏறியதும் கைப்பிடியைப் பிடித்து, ஒரு விரல் அளவுக்கு மேலே தூக்கி, தள்ளினார். கதவு இடித்துத் திரும்பி வந்தது. மறுபடியும் தூக்கித் தள்ளினார். நான் சுற்றிப் போய், "தூக்காதீங்கப்பா, சும்மா தள்ளுங்க" என்றேன்.

பின்தொட்டியின் ரப்பர்கள் இன்னும் மாற்றவில்லை. கோலாலம்பூர்க்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.